மழைக்குக் கட்டம் இல்லை

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே சமயத்தில் இரண்டு வாகனங்கள் தேய்ந்த டயரோடு ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று வேன், இன்னொன்று ஸ்போர்ட்ஸ் கார். தேய்ந்தது ரப்பர் என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான். நிர்வாகம் அந்த அளவோடு நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

வேன், தோட்டத்துப் பதிவில் மூன்றாம் எண் வாகனம். பன்னிரண்டு தமிழ்ப் பெண்களையும் இரண்டு நேப்பாளப் பெண்களையும் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து ஏற்றிக்கொண்டு, ஏழு கிலோமீட்டர் மேலே ஒன்பதாம் நம்பர் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும். ஓட்டுவது புனிதன். வேன் ஓடாத நேரத்தில் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ரிப்பேர் வேலை பார்ப்பதும் அவன்தான். அவன் மனைவி பிலோமி அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி.

டயரில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களை மலாய்க்காரர்கள் பூ என்பார்கள். தோட்டத்துத் தமிழர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். மூன்றாம் எண்ணில் பூ போய் ஒரு வருஷமாகிறது. போன மாதம் மழையில் வளைவு திரும்பும்போது வேன் தன் இஷ்டத்துக்குப் பக்கவாட்டில் போய், ஒரு தேயிலைச் செடியில் இடித்து நின்றது. செடிக்கு அந்தப் பக்கம் இருநூறு அடி பள்ளம். பிலோமிக்கு முழங்கையில் அடி. மற்றவர்களுக்கு அடி இல்லை. அன்றிலிருந்து புனிதனுக்கு மழைச் சத்தம் கேட்டாலே சோறு இறங்காது. கேமரன் மலையில் வருஷத்தில் எத்தனை நாள் மழை என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வயிற்றின் பாடு புரியும்.

டயர் கேட்டு அவன் ஏழு முறை விண்ணப்பம் கொடுத்தான். ஏழும் திரும்பி வந்தன. ஒன்றில் தேதி இல்லை, ஒன்றில் தேதி இருந்தது ஆனால் மை நீலம், இன்னொன்று சரியாக இருந்ததால் சந்தேகத்தின் பேரில் திருப்பி அனுப்பப்பட்டது.

ஸ்போர்ட்ஸ் கார் ஏழாம் எண் வாகனம். எச்.கியூ. எனப்படும் கோலாலம்பூர் தலைமையகம் வாங்கி அனுப்பியது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை. தேநீர் குடிக்க வரும் சுற்றுலாப் பயணிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டால் கம்பெனியின் பெயர் உலகெங்கும் பரவும் என்று ஏற்பாடு. பெயர் எவ்வளவு தூரம் போனதோ தெரியாது. கார் மட்டும் மானேஜர் மெல்வின் துரையோடு தினமும் தானா ராத்தா டவுனுக்குப் போய்வந்தது. அப்படிப் போய்வந்ததில் அதன் டயரும் தேய்ந்தது. துரை விண்ணப்பம் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு நாள் காலை காரைச் சுற்றி நடந்து பார்த்து, "அடடா" என்றார். மறுநாள் டயர் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது.

குழுத் தலைவர் துரை. உறுப்பினர்கள் மனிதவள அதிகாரி வனஸ்ஸா, தொழிற்சாலையில் தேயிலை ருசி பார்க்கும் நீலாவதி, குறிப்பெழுதும் அலுவலக எழுத்தர் காளிமுத்து கிராணி. நட்டு கழற்றத் தெரிந்தவன் ஒருவன் வேண்டும் என்பதால் புனிதனும் தொழில்நுட்ப வல்லுநர் ஆனான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்துக்குள் செருப்போடு போகலாமா கூடாதா என்றே இருபத்தாறு வருஷமாக அவனுக்குத் தெரியாது.

"இதுல ஒரு சைன் போடுங்க," என்று வனஸ்ஸா வருகைப் பதிவேட்டை நீட்டினாள். "இந்த ரெஜிஸ்டர்ல யார் சைன் பண்ணாலும் அவங்க கமிட்டி மெம்பர். ஓட்டு இருக்கு, டீ இருக்கு, கறிபாப் இருக்கு. எஸ்டேட்ல எந்தத் தொழிலாளி வேணும்னாலும் வரலாம். தொழிலாளர் பங்கேற்புன்னு எச்.கியூ.வுல புது ரூல்."

"யாரு வேணும்னாலுமா, மேடம்?"

"யாரு வேணும்னாலும். ஆனா பாருங்க, இதுவரைக்கும் ஒருத்தர்கூட வரலை. மீட்டிங் காலைல ஒன்பது மணிக்கு வச்சும் வரலை. ஆர்வமே இல்லை லா நம்ம ஆளுங்களுக்கு."

காலை ஒன்பது மணிக்குத் தொழிலாளர் எல்லாரும் மலையில் கூடையோடு நிற்பார்கள் என்பதைப் புனிதன் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கறிபாப் வந்துவிட்டது.

துரை எழுந்து பேசினார். துரைக்குப் பேச்சு நன்றாக வரும். "பாதுகாப்புதான் இந்தத் தோட்டத்தோட உயிர்மூச்சு. அது நம்ம ரத்தத்துலயே ஊறிப் போச்சு. அதனாலதான் பத்து வருஷமா பாதுகாப்பைப் பத்தி நாம ஒரு மீட்டிங்கூடப் போடவேண்டிய அவசியம் வரலை. ஆனா இன்னிக்கு அவசியம் வந்திருக்கு. ஏன்னா, இது என் கார்... ஐ மீன், கம்பெனியோட கார்."

எல்லாரும் கை தட்டினார்கள். கைத்தட்டல் அடங்கியதும் புனிதன் எழுந்து, "துரை, டயர் பேச்சு வந்ததால சொல்றேன். நம்ம வேன் டயரு ஒரேடியா போத்தாக் ஆயிருச்சு துரை. மொட்டை. பதினாலு பொம்பளைங்க போறாங்க..." என்றான்.

துரையின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "புனிதன், உங்க அக்கறை எனக்குப் புரியுது. ஆனா வேன் டயரைப் பத்திப் பேச இது இடமில்லை. இது டயர் கமிட்டி."

காளிமுத்து கிராணி அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

இரண்டாம் கூட்டம் முழுவதும் டயரின் அகலத்தில் போனது. அந்தக் காரின் பின் டயர் முன் டயரைவிட அகலம். வனஸ்ஸாவுக்கு இது புதுச் செய்தி. ஒரே வாகனத்துக்கு உழைக்கும் நான்கு டயர்களில் இரண்டுக்கு மட்டும் அதிக அகலம் கொடுப்பது கம்பெனியின் சமவாய்ப்புக் கொள்கைக்கு முரண் என்றாள். முன் டயர்கள் கறுப்பு, பின் டயர்களும் கறுப்பு, பிறகு ஏன் இந்தப் பாகுபாடு? என்ஜின் இழுவை பின் சக்கரத்தில் இருக்கிறது, அதனால் அங்கே பிடிமானம் அதிகம் வேண்டும் என்று புனிதன் விளக்கினான். இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு, முன் டயர்களின் உணர்வுகளுக்கு மதிப்பளித்து, பின் டயர்களின் அகலம் ஒரு சிறப்பு விலக்காக அனுமதிக்கப்பட்டது.

மூன்றாம் கூட்டத்துக்குப் பிரிஞ்சாங் டவுனிலிருந்து டயர் கடைச் சீன முதலாளி, தவுக்கே, மாதிரி டயர்களோடு வந்தார். மூன்று ரகம். முதலாவது, ஆழமாகப் பூ வெட்டி மழைத் தண்ணீரைப் பிரித்துத் தள்ளும் டயர். இரண்டாவது, வெயிலுக்கும் மழைக்கும் நடுவாந்தரம். மூன்றாவது, பந்தயத் திடலில் வெயிலில் ஓட்டுவதற்கென்றே செய்தது. அதில் பேருக்கு இரண்டு கோடுகள் மட்டும் ஓடின. தவுக்கே முதலாவதைத் தட்டிக்காட்டி மலாயில் இதுதான் இந்த மலைக்குச் சரி என்றார். மூன்றாவதைக் காட்டி, மழையில் இது ஆகவே ஆகாது, சும்மா பார்ப்பதற்குக் கொண்டுவந்தேன் என்றார். விஷயம் அங்கேயே முடிந்தது என்று புனிதன் நினைத்தான். இருபத்தாறு வருஷம் கம்பெனியில் இருந்தும் அப்படி நினைத்தான்.

"அப்படி வாய் வார்த்தையில முடிவெடுக்க முடியாது," என்றார் துரை. "எச்.கியூ. அங்கீகரிச்ச மதிப்பீட்டுப் படிவம் வேணும். கிராணி, நம்மகிட்ட என்ன படிவம் இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க துரை இருக்கு. தேயிலை தரம் பாக்குறது."

துரை ஒரு கணம் யோசித்தார். "அங்கீகரிச்சதுதானே?"

"சீல் இருக்குங்க."

"அப்பப் போதும்."

படிவத்தில் ஐந்து கட்டங்கள். இலைத் தோற்றம், வாசனை, சாயம், திடம், சுவை. கட்டத்துக்கு இருபது மதிப்பெண். நீலாவதி இருபத்து நான்கு வருஷமாக இந்தப் படிவத்தை நிரப்பி வருகிறவள். ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு எந்த மலையின் கொழுந்து, எந்த வாரம் பறித்தது என்று சொல்லிவிடுவாள். அவளை மூன்று டயர்களுக்கு முன்னால் குனிய வைத்தார்கள்.

"ரப்பர் நாத்தம் அடிக்குது துரை," என்றாள் மூன்றிலும்.

"சீரான வாசனை," என்று எழுதிக்கொண்டார் கிராணி.

விதிப்படி ஒவ்வொரு டயரிலிருந்தும் மூன்று கிராம் சீவி, வெள்ளைக் கோப்பைகளில் போட்டுக் கொதிநீர் ஊற்றி, ஆறு நிமிடம் மூடி வைத்தார்கள். அந்த ஆறு நிமிடமும் எல்லாரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலையில் அப்படித்தான் வழக்கம். மூடியைத் திறந்ததும் துரை எட்டிப் பார்த்து, மூன்றாவது கோப்பையில் சாயம் நன்றாக இறங்கியிருப்பதாகச் சொன்னார். சுவை கட்டம் வந்தபோது எல்லாரும் நீலாவதியைப் பார்த்தார்கள்.

"சத்தியமா வாயில வைக்க மாட்டேன். வேலையை விட்டுத் தூக்குங்க, போய்க் கியா பார்ம் சந்தையில சோளம் சுட்டு விக்குறேன்," என்றாள் நீலாவதி.

மூன்றுக்கும் சுவையில் பத்துப் பத்து மதிப்பெண் சமமாகப் போடப்பட்டது.

முடிவைத் தீர்மானித்தது இலைத் தோற்றம்தான். தேயிலையில் முழு இலைக்கு மதிப்பு, உடைந்த இலைக்குக் குறைவு. முதல் டயரில் எங்கு பார்த்தாலும் வெட்டும் பள்ளமுமாக இருந்ததால் 'கடும் உடைசல்' என்று நான்கு மதிப்பெண் கிடைத்தது. மூன்றாவது டயர் வழவழவென்று முழுசாக இருந்தது. இருபதுக்குப் பத்தொன்பது. மொத்தக் கணக்கில் பந்தய டயர் எண்பத்தேழு வாங்கி வென்றது.

புனிதனுக்குப் பொறுக்கவில்லை. "துரை, கோவிச்சுக்காதீங்க. இங்க தினம் மழை. அந்தப் பள்ளம் இருந்தாத்தான் தண்ணி வெளிய போகும். பூ இல்லாத டயரு வழுக்கிரும் துரை. அந்தத் தவுக்கேகூடச் சொன்னாரு."

துரை படிவத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்க. மழைன்னு ஒரு கட்டம் எங்கயாவது இருக்கா?"

புனிதன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். இல்லைதான்.

டயர் மாட்டிய நாள் நல்ல வெயில். துரை புறப்படும்போது தூறல் போட்டது. தோட்டத்து வாசலில் கறிகாய் லோரி சிந்திவிட்டுப் போன சேறு கிடந்தது. ஏழாம் எண் அந்தச் சேற்றில் ஒரு அரை வட்டம் அடித்து, 'பாதுகாப்பே நம் உயிர்மூச்சு' என்ற அறிவிப்புப் பலகையைச் சாய்த்துக்கொண்டு வாய்க்காலில் மூக்கை வைத்தது. பின்னால் வேனில் வந்த பதினான்கு பெண்களும் இறங்கிக் கூடைகளை ஓரமாக வைத்துவிட்டுக் காரைத் தள்ளி மேலே ஏற்றினார்கள். துரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"டயர் நல்ல டயர்தான்," என்றார், சட்டையில் சேற்றைத் தட்டிக்கொண்டே. "ரோடுதான் ஈரம்."

"மெதுவாத்தானே துரை வந்தீங்க?" என்று பிலோமி கேட்டாள். "நாங்க இதைவிட வேகமா எறக்கத்துல வர்றோம். எங்க டயர்ல அந்த ரெண்டு கோடுகூட இல்லை."

கூட்டத்துக்கு நடுவில், அதுவும் சேற்றில் நின்றுகொண்டு கேட்ட கேள்வியாகையால் துரையால் மறுக்க முடியவில்லை. வேன் டயரையும் குழு பரிசீலிக்கும் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார். அன்று மதியம் புனிதன் சோற்றை வயிறாரச் சாப்பிட்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு.

நான்காம் கூட்டத்தில் மூன்றாம் எண்ணின் டயர் ஒன்று கழற்றிக் கொண்டுவரப்பட்டு மேசைமேல் வைக்கப்பட்டது. அதே படிவம், அதே கோப்பை, அதே ஆறு நிமிடம். இலைத் தோற்றம்: உடைசல் துளியும் இல்லை, இருபதுக்கு இருபது. வாசனை: ஒரு வருஷம் மழையில் ஊறியதால் மிதமானது, பத்தொன்பது. திடம்: நூல் கம்பி தெரியும் அளவு திடம், இருபது. சாயத்துக்கும் இருபது விழுந்தது. சுவைக்கு வழக்கமான பத்தோடு, நீண்ட சேவையைப் பாராட்டி நான்கு கூடுதல். மொத்தம் தொண்ணூற்று மூன்று. தோட்டத்து வரலாற்றிலேயே எந்த டயரும் வாங்காத மதிப்பெண்.

"எவ்வளவு பெருமை பாருங்க!" என்றார் துரை. கண் கலங்கியதுபோல் இருந்தது. "நம்ம தொழிலாளர்கள் போற வண்டி, என் காரைவிட ஒசந்த தரம். இதைத்தான் நான் சமத்துவம்னு சொல்றேன். முதல் தரச் சான்றிதழ் குடுத்துருவோம்."

புனிதனுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஒன்று சொன்னான். "அப்படின்னா துரை, சர்டிபிகேட்டை மலையில பொம்பளைங்க முன்னால குடுங்க. கமிட்டி எல்லாரும் வேன்லயே வாங்க. முதல் தர டயருதானே."

துரைக்கு யோசனை பிடித்துவிட்டது. வனஸ்ஸா படம் எடுக்கக் கைப்பேசியைத் தயாராக வைத்துக்கொண்டாள். ஏறும்போது மழை இல்லை. சான்றிதழ் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கொட்டியது. தேயிலைச் செடி வளைவில் புனிதன் நத்தையாகத்தான் இறக்கினான். அப்படியும் வேன் ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்தது. ஒரு சாண்தான். வனஸ்ஸா அலறிய அலறலில் கிராணியின் கண்ணாடி கீழே விழுந்தது. துரை கதவைத் திறந்து இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். நான்கு கிலோமீட்டர் மழையில் நனைந்து நடந்தே அலுவலகம் வந்து சேர்ந்து, ஈரத் துணியோடு அவசரக் கூட்டம் போட்டார்கள். அன்றே தீர்மானம் நிறைவேறியது.

'உறுப்பினர்களின் உயிர் விலைமதிப்பற்றது. ஆகவே, டயர் தேர்வுக் குழு உறுப்பினர்கள் எவரும் இனி மூன்றாம் எண் வாகனத்தில் பயணம் செய்யக் கூடாது. ஓட்டுநருக்கு மட்டும் விலக்கு.'

தீர்மானத்தின் நகலைப் புனிதன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிலோமியிடம் காட்டினான். "பாத்தியா? அவங்க உசுருக்கு ஒரு தீர்மானம். ஒங்க உசுருக்கு ஒரு சர்டிபிகேட்."

பிலோமி அதை இரண்டு முறை படித்தாள். முழங்கையைத் தடவிக்கொண்டாள். "ஏங்க, மெம்பருங்க இந்த வேன்ல ஏறக் கூடாது. அப்படித்தானே?"

"ஆமா."

"மெம்பர் ஆவுறதுக்கு என்ன செய்யணும்னு சொன்னீங்க அன்னிக்கு?"

"அந்த ரெஜிஸ்டர்ல சைன் போடணும்," என்றான் புனிதன். சொல்லிவிட்டு அவளையே பார்த்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் பதினான்கு பெண்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். நேப்பாளப் பெண்கள் இருவரும் தங்கள் எழுத்தில் அழகாகப் போட்டார்கள். கறிபாப் பத்தவில்லை. வனஸ்ஸாவுக்கு முதலில் ஆனந்தம். தொழிலாளர் பங்கேற்பு என்ற கட்டத்தில் பதினான்கு என்று தட்டி உடனே தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டாள். ஒன்பதாம் மலைக்கு இன்று யார் போவது என்று துரை கேட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது.

"நாங்க மெம்பருங்க துரை," என்றாள் பிலோமி. "எங்க உசுரு வெலமதிப்பில்லாதது. வேன்ல ஏறக் கூடாது. நடந்து போறோம், போய்ச் சேர மத்தியானம் ஆவும். எறங்குறதுக்கு ரெண்டு மணிக்கே கெளம்பணும்."

"கையெழுத்தை ரத்து செய்யலாமா?" என்று துரை மெல்லக் கேட்டார். தலைமையகத்திலிருந்து அதற்குள் வாழ்த்துச் செய்தி வந்திருந்தது. தொழிலாளர் பங்கேற்பில் இந்தத் தோட்டம் முதலிடமாம்.

"அப்ப மீட்டிங்கை ஆரம்பிப்போம் லா," என்றாள் பிலோமி. கிராணியின் பேனாவை வாங்கி, படிவத்தின் அடியில் கோணல்மாணலாக ஒரு கட்டம் வரைந்து, அதில் 'மழை' என்று எழுதினாள். அந்தக் கட்டத்தில் எத்தனை போடலாம் என்று நீலாவதியைக் கேட்டாள். நீலாவதி வாசலில் நின்ற வேனின் மொட்டை டயரை ஒரு முறை பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சைபர்," என்றாள். "கார் டயருக்கும் சைபர்."

டயர்களை மாற்றுவதற்கான வாக்கெடுப்பில் பதினாறு கைகள் தூக்கப்பட்டன. காளிமுத்து கிராணி பதினாறை எண்ணி முடித்து, கொஞ்சம் யோசித்து, தன் கையையும் தூக்கிப் பதினேழு என்று எழுதினார்.

வேனுக்கு நான்கு டயர்களும் அன்று மாலையே மாட்டப்பட்டுவிட்டன. சாதாரண டயர்தான். ஒரு வருஷத்துக்கு முன்பே புனிதன் சொல்லிவைத்து, தவுக்கே தன் கடை மூலையில் எடுத்துவைத்திருந்தார். பிரிஞ்சாங்கிலிருந்து அவை வந்துசேர முக்கால் மணி நேரம் பிடித்தது.

ஏழாம் எண்ணுக்கு மழை டயர் வாங்கவும் குழு ஒப்புக்கொண்டது. ஆனால் அது உரிய முறைப்படி வர வேண்டும் என்பதால் இன்னும் வரவில்லை. கடைசியாகப் போன கடிதம் மை நீலம் என்று திரும்பி வந்திருக்கிறது. பந்தய டயர்களைக் கழற்றிவிட்டதால் கார் செங்கல்மேல் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

தலைமையகத்தின் விருதை வாங்கத் துரை தானா ராத்தாவுக்குப் போக வேண்டியிருந்த அன்று நல்ல மழை. வேறு வண்டி இல்லை. உறுப்பினர்கள் வேனில் ஏறக் கூடாது என்ற தீர்மானத்தைப் புது டயர் வந்த அன்றே தங்களுக்கு மட்டும் தளர்த்தியிருந்த பதினான்கு பேரும், இப்போது பெருந்தன்மையாகத் துரைக்கும் ரத்து செய்து, கூடைகளுக்கு நடுவில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். இறக்கத்தில் முதல் வளைவு வந்ததும் துரை கண்ணை மூடிக்கொண்டு முன்னிருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். புனிதன் ஸ்டியரிங்கைத் திருப்பினான். வேன் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது.

பின்னாலிருந்து பிலோமி அவர் தோளைத் தட்டினாள். "பயப்படாதீங்க துரை. பூ இருக்கு."